பிரஸ்ஸல்ஸ்ல ஒக்காந்திருக்கிறது யாரு?

வணக்கம் அண்ணா,

ஐரோப்பிய யூனியன் பத்தி நீங்க எழுதினத படிச்சதுல இருந்து ஒரு விஷயம் மண்டைய குடையுது. 27 நாடு, ஒவ்வொண்ணுக்கும் தனிக்கொடி, தனி அரசாங்கம். அப்புறம் எப்படி யாரோ பிரஸ்ஸல்ஸ்ல ஒக்காந்து சட்டம் போட, இவங்க எல்லாரும் கேக்குறாங்க? ஓட்டு வாங்காத அதிகாரிங்க ஆட்சின்னு சொல்றாங்களே, உண்மையா? இன்னொண்ணு, ஒரே ஒரு நாடு வீட்டோ போட்டா எல்லாம் நின்னுடும்னா அது என்ன யூனியன்?

எஸ்., கோவை

அன்புள்ள தம்பி,

ஒரு பக்கம் பிரஸ்ஸல்ஸ் எல்லாரையும் ஆட்டி வைக்குதுன்னு கேக்குறீங்க, இன்னொரு பக்கம் ஒரு நாடு மொறச்சா எல்லாம் நின்னுடும்னும் கேக்குறீங்க. ரெண்டும் நடக்குது, எந்த விஷயம்ங்கறத பொறுத்து.

உங்க போன் சார்ஜர எடுத்து பாருங்க. ஐபோனுக்கு மட்டும் 2012ல இருந்து தனி ஓட்டை, தனி வயர். 2021 செப்டம்பர்ல எல்லா போனுக்கும் ஒரே டைப்-சி போதும்னு, பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற யூனியனோட நிர்வாக அமைப்பான கமிஷன் ஒரு சட்ட வரைவு கொண்டு வந்துச்சு. வரைவு கொண்டு வர்ற உரிமை அநேகமா கமிஷனுக்கு மட்டும்தான், ஆனா பாஸ் பண்ற உரிமை அதுக்கு கிடையாது. அதுக்கப்புறம் மக்கள் நேரடியா ஓட்டு போட்டு அனுப்பின ஐரோப்பிய பார்லிமெண்ட்காரங்களும், 27 நாட்டு மினிஸ்டருங்க ஒக்கார்ற கவுன்சில் தரப்பும், கமிஷன் ஆளுங்களும் ஒரே ரூம்ல ஒக்காந்து வரி வரியா பேரம் பேசுவாங்க, ட்ரைலாக்னு பேரு. பேரம் முடிஞ்சு 2022 அக்டோபர் 4ம் தேதி பார்லிமெண்ட்ல 602 பேர் ஆதரவு, 13 பேர் எதிர்ப்பு. அந்த மாசமே கவுன்சிலும் ஓகே சொல்லிருச்சு. அதோட முடியல, இது டைரக்டிவ்ங்கறதால ஒவ்வொரு நாடும் தன் பார்லிமெண்ட் வழியாவோ அரசாணை வழியாவோ அத தன் சட்டமா மாத்தணும், அதுக்கு 2023 டிசம்பர் 28 வரைக்கும் டைம், போனுக்கு அமலுக்கு வந்தது 2024 டிசம்பர் 28ல இருந்து. ஆப்பிள் அதுவரைக்கும் காத்திருக்கல, 2023லயே ஐபோன் 15ல மாத்திட்டாங்க. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல அசெம்பிள் ஆன போன்லயும் அதே ஓட்டைதான்.

இதுல யாரு யாருக்கு உத்தரவு போட்டாங்க? யூனியனுக்குன்னு வீடு வீடா போய் வரி வசூலிக்க ஆள் இல்ல, அரெஸ்ட் பண்ண போலீஸ் இல்ல. பட்ஜெட்டே எல்லா நாட்டு வருமானத்தையும் சேத்தா அதுல ஏறக்குறைய 1 சதவீதம்தான். போட்ட சட்டத்த அமல்படுத்துறது பெரும்பாலும் அந்தந்த நாட்டு ஆபீசருங்கதான்.

கமிஷன் ஆளுங்க நேரா ஓட்டு வாங்கினவங்க இல்ல, அது சரி. ஆனா தலைவர் பதவிக்கு நாட்டுத் தலைவருங்க பேர் சொன்னா போதாது, பார்லிமெண்ட்ல மெஜாரிட்டி வேணும். 1999ல முறைகேடு புகார்ல பார்லிமெண்ட் குடுத்த நெருக்கடியில ஜாக் சான்டேர் தலைமையில இருந்த கமிஷன் மொத்தமா ராஜினாமா பண்ணுச்சு.

நாம உத்துப் பாக்க வேண்டிய எடம் கவுன்சில்தான். அங்க நெறைய விஷயத்துல கணக்கு இதுதான், 55 சதவீத நாடு, அதாவது 15 நாடு ஆதரிக்கணும், அந்த நாடுகள்ல யூனியன் ஜனத்தொகைல 65 சதவீதமாவது இருக்கணும். பெரிய நாடு மட்டும் சேந்து சின்ன நாட்ட மிதிக்க முடியாது, சின்ன நாடெல்லாம் கூட்டு சேந்து ஜெர்மனியையும் பிரான்ஸையும் ஓரங்கட்டவும் முடியாது.

2024 ஜூன் 17, லக்ஸம்பர்க்ல கவுன்சில் கூட்டம். அழிஞ்ச காடு, சதுப்பு நிலம், ஆறு இதையெல்லாம் மீட்கணும்ங்கற இயற்கை மீட்புச் சட்டம் ஓட்டுக்கு வருது. ஆஸ்திரியாவோட அப்போதைய சுற்றுச்சூழல் மினிஸ்டர் லியோனோரே கெவெஸ்லர் பசுமைக் கட்சிக்காரங்க, அப்போதைய சான்சலர், அதாவது பிரதமர் மாதிரி, கார்ல் நேஹாமர் கூட்டணில இருந்த பெரிய கட்சிக்காரரு. ஆதரிக்கக் கூடாதுன்னு அவரு சொல்லியும் இவங்க ஆதரிச்சு கைய தூக்கினாங்க. ஆதரவு 20 நாடு, ஜனத்தொகைல 66.07 சதவீதம். ஆஸ்திரியா ஏறக்குறைய 2 சதவீதம், அத கழிச்சு பாருங்க, சட்டம் விழுந்திருக்கும். சான்சலர் கோர்ட்டுக்கே போவோம்னாரு.

எனக்கு கெவெஸ்லர் மேல பெரிய மரியாதை. அவங்க செஞ்சது சரியா தப்பான்னு ஆஸ்திரியாக்காரங்க சண்ட போடட்டும், ஆனா நான்தான் ஓட்டு போட்டேன்னு வெளிப்படையா நின்னாங்க. வழக்கமா நடக்கிறது என்னன்னா, மினிஸ்டர் அங்க போய் தலையாட்டிட்டு ஊருக்கு வந்து "என்ன பண்றது, பிரஸ்ஸல்ஸ் சொல்லிருச்சு"ன்னு கைய விரிப்பாரு. அந்த பிரஸ்ஸல்ஸ் ரூம்ல நாற்காலி போட்டு ஒக்காந்திருந்ததே அவருதான். ஓட்டு வாங்காத அதிகாரிங்கற புகார் பாதிக்கு மேல இங்கருந்துதான் கெளம்புதுன்னு நான் நெனக்கிறேன், வருஷக்கணக்கா இப்படி சொல்லிட்டே இருந்தா ஜனங்க நம்பத்தான் செய்வாங்க.

இப்ப வீட்டோ. வரி, வெளியுறவு, புது நாட்ட சேக்கறது, இதுக்கெல்லாம் 27 பேரும் ஒத்துக்கணும். 2023 டிசம்பர் 14 ராத்திரி உக்ரைனோட சேர்ப்பு பேச்சுவார்த்தை ஆரம்பிக்கலாமான்னு தலைவருங்க கூடியிருக்காங்க, அப்ப ஹங்கேரி பிரதமரா இருந்த ஓர்பான் எதிர்ப்பு. கடைசில அவரு ரூம விட்டு வெளிய போயிட்டாரு, மிச்சம் 26 பேர் முடிவெடுத்தாங்க. அன்னிக்கே உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவிய அவரு தடுத்துட்டாரு, அது 2024 பிப்ரவரி 1ம் தேதிதான் நகந்துச்சு. போர் நடக்கிற நாட்டுக்கு அந்த ஏழு வாரம் சின்ன விஷயமில்ல, எனக்கு அதுல கோவம் உண்டு.

அதுக்காக வீட்டோவ தூக்கி எறின்னு சட்டுனு சொல்லவும் மனசு வரல. அஞ்சரை லட்சத்துக்கு கொஞ்சம் மேல பேர் இருக்கிற மால்டா தன் வரிய தானே முடிவு பண்ணனும்னு கேட்டா அது நியாயம்தானே. என்னக் கேட்டா வெளியுறவுல மட்டுமாவது மெஜாரிட்டி ஓட்டு வரணும். ஒப்பந்தத்துல அதுக்கு வழி இருக்கு, ஆனா அந்த வழிய தொறக்கவும் 27 பேரும் சரின்னு சொல்லணும், ஹங்கேரியும் அதுல ஒண்ணு.

அன்புடன்,
அண்ணன்