மடக்கு சைக்கிளுக்கு ஸ்பீடு பத்தலையா? வீலை விடுங்க, டயரை பாருங்க

சிங்கப்பூர்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: 20 இன்ச் மடக்கு சைக்கிள், 7 கியர், முன்னாடி 52 பல்லு, பின்னாடி 14லேருந்து 28 பல்லு வரை. ஸ்பீடு பத்தல, 451ங்கிற பெரிய சைஸ் வீலும் 56 பல்லு செயின்ரிங்கும் (மிதியோட சுத்துற முன் பல்சக்கரம்) போடலாமா, பாதி தூரம் எம்ஆர்டி ரயில்ல தூக்கிட்டு போறேன்னு.

ரெண்டுமே வேண்டாங்க. 20 இன்ச்லயே 406, 451னு ரெண்டு சைஸ் இருக்கு. டயர் ஓரத்துல 40-406னு போட்டிருந்தா அந்த 406 தான் ரிம்ல டயர் உக்கார்ற இடத்தோட விட்டம், மில்லிமீட்டர்ல. 451 போட்டா ரிம் 22 மிமீக்கு மேல வெளிய தள்ளிப் போயிடும், இப்ப ரிம்மை ரெண்டு பக்கமும் புடிக்கிற வி-பிரேக்கோட கட்டை அவ்ளோ தூரம் ஏறாது, அப்ப பிரேக்கையும் மாத்தணும், அதோட நிறைய மடக்கு சைக்கிள்ல முன் ஹப் (வீலோட நடு உருளை) 74 மிமீ அகலம் தான், சாதா சைக்கிளோட 100 மிமீ ஹப் முன் வீலைப் புடிச்சிருக்குற அந்த ஃபோர்க்ல நுழையாது. இவ்ளோ செலவு பண்ணி மடக்கிப் பாத்தா சைஸ் கூடியிருக்கும், எம்ஆர்டில 120க்கு 70க்கு 40 செமீக்குள்ள இருக்கணும்.

செயின்ரிங்குக்கு கணக்கே போட்டுடலாம். உங்க வீல் ஒரு சுத்துக்கு சுமார் ஒன்றரை மீட்டர், 52க்கு 14ல ஒரு மிதி சுத்துக்கு ஐந்தரை மீட்டர், நிமிஷத்துக்கு 75 சுத்து மிதிச்சாலே மணிக்கு 25 கிமீ வந்துடும், பூங்காக்களை இணைக்கிற பார்க் கனெக்டர் பாதையில லிமிட்டே 25 தானே! அந்த வேகம் வரலைன்னா பெரும்பாலும் காத்து கம்மியா இருக்கும், இல்ல செயின் காஞ்சு கிடக்கும்.

அதனால காசை டயர்ல போடுங்க. பட்டன் பட்டனா இருக்குற டயரை கழட்டிட்டு வழுவழுன்னு ஓடுற 40 அல்லது 47 மிமீ அகல டயர் போடுங்க, ரொம்ப ஒல்லியா போகாதீங்க, சின்ன வீலு குழியில விழுந்தா அடி பலமா இருக்கும். வாரம் ஒரு தடவை காத்து பாருங்க.

அடுத்து பிரேக் பேட், மழைக்கு நல்ல ரப்பரா. கிறீச்னு சத்தம் போடுற மடக்கு பெடலை கழட்டும்போது இடது பக்கம் மரை தலைகீழ், அழுத்தி உடைச்சிடாதீங்க.

எதை மாத்துறதுக்கும் முன்னாடி ஹேண்டில் கம்பத்தோட மடக்கு பூட்டை பாருங்க, முன் பிரேக்கை புடிச்சிட்டு முன்னும் பின்னும் ஆட்டினா அந்த இடத்துல ஆட்டம் தெரியக்கூடாது, லீவர் கொஞ்சம் அழுத்தினா தான் மூடணும். லொடலொடன்னு மூடுச்சுன்னா கடையில டைட் பண்ற வரைக்கும் ஓட்டாதீங்க.