அம்மாவுக்கு மலமாற்றுச் சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. நான்கு மாதத்துக்கு முன்பு சிறுநீர்த் தொற்று என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, பத்து நாள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்த வாரமே பேதி பிடித்துக்கொண்டது. நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. மலத்தைச் சோதித்துவிட்டு 'சி-டிஃப்' கிருமி என்றார்கள். மாத்திரையில் நின்றது, மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், நின்றது. இப்போது மூன்றாவது முறை. மான்செஸ்டரில் இருக்கும் தம்பி, "இங்கே இதற்கு ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை நோயாளியின் குடலுக்குள் வைக்கிறார்கள்" என்கிறான். அதைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார். இது உண்மையான வைத்தியம்தானா? வீட்டிலேயே செய்வதற்கு வீடியோ எல்லாம் இருக்கிறது. நானே மலம் கொடுத்துச் செய்யலாமா? தயிரும் புரோபயாட்டிக்கும் போதாதா?
— வாசகி, திருச்சி

பதில்: உங்கள் தம்பி சொன்னது உண்மை. இது நாட்டு வைத்தியமோ யாரோ கிளப்பிவிட்ட புரளியோ அல்ல. திரும்பத் திரும்ப வரும் சி-டிஃப் தொற்றுக்கு இன்று கையில் இருக்கும் சிகிச்சைகளில் மிக நன்றாக வேலை செய்வது இதுதான். எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 ஆகஸ்டில் இதைப் பரிந்துரைத்தது. முன்பே இரண்டு முறையோ அதற்கு மேலோ தொற்று வந்து, மறுபடியும் வந்திருப்பவர்களுக்கு என்பது அதன் கணக்கு. உங்கள் அம்மா அந்தக் கணக்கில் சரியாக வருகிறார். ஆனால் வீட்டில் செய்யக் கூடாது. அந்த வீடியோக்களைத் தயவுசெய்து மூடிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தக் கிருமி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள். அவர் அழுததில் பாதி அருவருப்பு, மீதி "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற தவிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உடம்பில் உள்ள மனித உயிரணுக்களை எண்ணினால் வரும் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய சமமாக அவையும் இருக்கும். கூட்டம் நெரியும் முன்பதிவில்லாத ரயில் பெட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவன் ஏறினால் கால் வைக்கக்கூட இடம் கிடைக்காது. ஆன்டிபயாட்டிக் ஊசி சிறுநீர்த் தொற்றுக் கிருமியை மட்டும் பார்த்து அடிப்பதில்லை, இந்தப் பெட்டியையும் சேர்த்துக் காலி செய்துவிடுகிறது. அப்போதுதான் சி-டிஃப் ஏறி, துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது.

இதன் முழுப் பெயர் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். 1935இல் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் வளர்ப்பது கடினமாக இருந்ததால் 'கடினமானது' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு வரும் கொடிய குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்று தெரிய 1978 வரை ஆனது.

இந்தக் கிருமி தனக்கு ஆபத்து வந்தால் கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கி விதை மாதிரி ஆகிவிடும். அதை ஸ்போர் என்கிறோம். வான்கோமைசின் உயிர்ப்போடு இருக்கும் கிருமியைக் கொல்லும், ஸ்போரைத் தொடாது. அதோடு, மிச்சம் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் கொஞ்சம் கொன்றுவிட்டுத்தான் போகும். மருந்தை நிறுத்தியதும் பெட்டி இன்னும் காலியாக இருக்கிறது, ஸ்போர்கள் முளைக்கின்றன. முதல் தொற்றுக்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்ப வருகிறது. ஒருமுறை திரும்பி வந்துவிட்டால், அப்படிப்பட்ட பத்துப் பேரில் நான்கு பேருக்காவது மறுபடியும் வரும். ஆகவே அம்மா பத்தியத்தில் தவறவில்லை, நீங்கள் கொடுத்த சாப்பாட்டிலும் குறையில்லை.

ஸ்போர் எப்போது முளைக்க வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது? இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் கல்லீரல் சுரக்கும் பித்தநீர் அமிலங்கள் சில இந்த ஸ்போரைத் தட்டி எழுப்புகின்றன. பெருங்குடலில் நல்ல பாக்டீரியாக்கள் இருந்தால், அவை அந்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடும். மாறிய அமிலம் சி-டிஃப்பை வளரவிடாமல் தடுக்கிறது. அதாவது நல்ல பாக்டீரியாக்கள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதோடு நிற்பதில்லை, கிருமிக்குத் தேவையான ரசாயனத்தையே அதற்கு எதிராகத் திருப்புகின்றன. இந்த வேலையைச் செய்பவை மிகச் சில வகை பாக்டீரியாக்களே. ஆன்டிபயாட்டிக்கில் அவை அழிந்துபோனால் தயிர் சாப்பிட்டு அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் அவை தயிரில் இல்லை.

தயிர், புரோபயாட்டிக் பற்றிய கேள்விக்கும் இதுவே பதில். தயிர் நல்ல உணவு, பேதி நின்ற பிறகு தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கடைகளில் கிடைக்கும் புரோபயாட்டிக் பாக்கெட்டிலும் குட்டிக் குப்பியிலும் இருப்பது ஓரிரண்டு வகை, மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு வகை பாக்டீரியாக்கள். குடலில் இருந்தவையோ பல நூறு வகை. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களில் சிலருக்குப் புரோபயாட்டிக் கொடுத்தார்கள். சிலரை ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். சிலருக்கு, ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே எடுத்து வைத்திருந்த அவர்களுடைய சொந்த மலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சொந்த மலம் பெற்றவர்களுக்கு ஒரு சில நாளில் குடல் பழைய நிலைக்கு வந்தது. புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குத்தான் மற்ற எல்லோரையும்விடத் தாமதமானது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஆன்டிபயாட்டிக் சீட்டோடு பழக்கதோஷத்தில் புரோபயாட்டிக்கும் எழுதித் தரும் எங்களைப் போன்றவர்கள் நின்று யோசிக்க வேண்டிய ஆய்வு.

இனி, மலமாற்றம் வேலை செய்யும் என்பதற்கு என்ன சான்று? 1958இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர், ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு குடல் புண்ணாகிச் சாகக் கிடந்த நான்கு பேருக்கு மலக்கரைசலை எனிமாவாகக் கொடுத்தார். நான்கு பேரும் தேறினார்கள். எந்தக் கிருமி என்றுகூட அன்று தெரியாது. மருந்து கொன்றதைத் திருப்பிக் கொடுப்போம் என்ற எளிய யோசனைதான். அதற்கும் முன்னால், நான்காம் நூற்றாண்டிலேயே சீன மருத்துவர் கே ஹோங் கடும் பேதிக்கு மலக்கரைசல் குடிக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் உலகம் நம்பியது 2013இல்தான். ஆம்ஸ்டர்டாமில் சி-டிஃப் திரும்ப வந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். வெறும் வான்கோமைசின் பெற்ற 13 பேரில் 4 பேர் குணமானார்கள். வான்கோமைசினோடு குடலைக் கழுவிவிட்ட 13 பேரில் 3 பேர். மலக்கரைசல் பெற்ற 16 பேரில் முதல் தடவையிலேயே 13 பேர் குணமானார்கள். மீதி மூவருக்கு வேறொருவரின் மலத்தை மறுபடி கொடுத்ததில் இருவர் தேறினார்கள். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால், மற்றவர்களுக்கு இதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மருத்துவத்தில் இப்படி நடப்பது அபூர்வம்.

அம்மாவின் அருவருப்புக்கு வருவோம். அவர் மனதில் என்ன காட்சி ஓடுகிறதோ, நடைமுறை அப்படி இருக்காது. மலத்தை உப்புநீரில் கரைத்து, வடிகட்டி, உறைய வைத்து, கொலனாஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாக விடும் கேமரா குழாய் மூலம் மயக்கத்தில் பெருங்குடலுக்குள் விடுவார்கள். மூக்கு வழியாகக் குழாய் விடுவதும் உண்டு. சில நாடுகளில் கேப்சூலாகவே தருகிறார்கள். வாசனையோ சுவையோ தெரியாது. கனடாவின் ஆல்பெர்ட்டா மாநிலத்தில் 2017இல் வெளியான ஆய்வில் கேப்சூல், கொலனாஸ்கோபி இரண்டிலுமே 96 சதவீதம் பேருக்குத் தொற்று திரும்பவில்லை. அமெரிக்காவில் 2022 நவம்பரில் ரெபயோட்டா என்ற எனிமா மருந்துக்கும், 2023 ஏப்ரலில் வௌஸ்ட் என்ற கேப்சூலுக்கும் அரசு அனுமதி கிடைத்தது. வௌஸ்டில் மலத்திலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த நல்ல பாக்டீரியாக்களின் ஸ்போர்கள் மட்டும்தான் இருக்கும். நாளைக்கு நான்கு கேப்சூல், மூன்று நாள். அந்த மருந்தின் ஆய்வில் எட்டு வாரத்துக்குள் தொற்று திரும்பியது 12 சதவீதம் பேருக்கு. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் கேப்சூல் பெற்றவர்களில் 40 சதவீதம் பேருக்குத் திரும்பியது. அம்மாவிடம் "மலம்" என்று ஆரம்பிக்காமல் "உன் குடலில் செத்துப்போன நல்ல கிருமிகளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், ரத்தம் ஏற்றுவது மாதிரி" என்று சொல்லிப் பாருங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வீட்டில் ஏன் கூடாது? நீங்கள் ஆரோக்கியமாக இருப்பது உங்கள் மலம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது. நமக்கு ஒரு தொந்தரவும் தராமல், எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் எளிதில் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் குடலில் இருக்கலாம். நம் நாட்டில் அது சர்வ சாதாரணம். 2019இல் அமெரிக்காவில், பரிசோதிக்கப்படாத இப்படியொரு ஈ.கோலை பாக்டீரியா தானம் கொடுத்தவரின் மலத்திலிருந்து இரண்டு நோயாளிகளுக்குப் போனது. இருவருமே நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். ஒருவர் இறந்துபோனார். அது நடந்தது மருத்துவர்கள் கையில். மிக்ஸியும் வடிகட்டியும் வைத்து வீட்டில் செய்தால் என்ன ஆகும்? முறையான இடத்தில் தானம் தருபவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ் பார்ப்பார்கள். மலத்தில் ஒட்டுண்ணிகள், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள், குடல் வைரஸ்கள் பார்ப்பார்கள். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா, சர்க்கரை, உடல் பருமன், குடல் நோய் உண்டா என்று குடைந்து கேட்பார்கள். முன்வருபவர்களில் தேறுவது மிகச் சிலர்தான். நீங்களும் அந்தச் சோதனைகளில் தேறினால், அம்மாவுக்குத் தானம் தருவதில் தடையில்லை. அது ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சிகிச்சை நம் நாட்டிலும் புதிதல்ல. பஞ்சாபின் லூதியானாவில் உள்ள தயானந்த் மருத்துவக் கல்லூரியில் பெருங்குடல் புண் நோய்க்கு இதைச் செய்து ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள். குடல் நோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையில் குடல் நிபுணரைப் பார்த்துக் கேளுங்கள். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பேதிக்குக் குடல் பாக்டீரியாக்களைத் துணைக்கு அழைக்கும் யோசனை நம் வேலூரிலிருந்தே உலகத்துக்குப் போயிருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையில் குடல் மருத்துவர் ராமகிருஷ்ணாவின் குழுவினர் காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தார்கள். அந்த மாவு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகி, அவை உண்டாக்கும் அமிலங்களால் குடல் நீரை உறிஞ்சிக்கொண்டது. சாதாரணக் கரைசலில் சராசரியாக 91 மணி நேரம் ஓடிய பேதி 57 மணி நேரத்தில் நின்றது. 2000இல் வெளியான ஆய்வு அது.

சரி, நாளைக்கு நீங்கள் செய்ய வேண்டியது. இந்த மூன்றாவது முறை வந்திருப்பது தொற்றுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சி-டிஃப் வந்து போன பிறகு பல வாரம் குடல் தடுமாறும், பேதியும் போகும். பி.சி.ஆர். பரிசோதனை, கிருமி சும்மா இருந்தாலும் 'இருக்கிறது' என்றே காட்டும். நச்சுப்பொருள், அதாவது டாக்சின், இருக்கிறதா என்ற பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொற்றுதான் என்றால், மலமாற்றத்துக்கு ஏற்பாடு ஆகும்வரை வான்கோமைசினை வாய்வழியாகக் கொடுத்து, பிறகு பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்கும் முறையும் உண்டு. இதே மருந்தை ஊசியாக நரம்பில் ஏற்றினால் குடலுக்குப் போய்ச் சேராது, பயன் இல்லை. பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சல், வயிறு உப்பல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, குழப்பமாகப் பேசுவது இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அம்மா கேஸ் மாத்திரை என்று பான்டோப்ரசோல் தினமும் சாப்பிட்டால் அது அவசியம்தானா என்று கேளுங்கள். அதுவும் இந்தத் தொற்றோடு தொடர்புடையது.

சானிடைசர் ஸ்போரைக் கொல்லாது. சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் கை கழுவுங்கள். கழிப்பறையைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது. இந்த வயதில் பல பெண்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இருக்கும். எரிச்சலோ காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாவிட்டால் பெரும்பாலும் அதற்கு மருந்து தேவையே இல்லை. மலமாற்றம் முடிந்த இரண்டாவது வாரம் யாராவது அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் எழுதினால், புதிதாகக் குடியேறியவை எல்லாம் மறுபடி காலி. அதனால் ஒரு சீட்டில் 'சி-டிஃப் மூன்று முறை வந்திருக்கிறது, ஆன்டிபயாட்டிக் அவசியமா என்று பார்க்கவும்' என்று எழுதி, அம்மாவின் ஆதார் அட்டையோடு பர்ஸில் வைத்துவிடுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் அதை முதலில் காட்டுங்கள்.