மூன்றாவது ஆள்

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு இப்போதுதான் முடிந்தது. ஒரு நாள்கூட அது என் இடம் என்று தோன்றவில்லை. விடுதி அறையில் இருக்கும் மற்ற இருவரும் முன்பே தோழிகள். நான் மூன்றாவது ஆள். வகுப்பில் 120 பேர். எந்தப் பேராசிரியருக்கும் என் பெயர் தெரியாது. பள்ளித் தோழிகள் இருவர் வேறொரு கல்லூரியில் ஒன்றாகப் படிக்கிறார்கள். அவர்கள் போடும் படங்களைப் பார்த்தாலே அழுகை வருகிறது. அங்கே மாறிவிடலாம் என்று இருக்கிறேன். "ஒரு வருஷப் படிப்பும் பணமும் வீணாகும், பல்லைக் கடித்துக்கொண்டு முடி" என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: முதலில் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. கட்டிய பணம் கட்டியதுதான். மகள் அங்கேயே இருந்தாலும் அது திரும்பி வராது. அதை நினைத்து இனி வரும் ஆண்டுகளையும் பிடிக்காத இடத்தில் கழிக்கச் சொல்லாதீர்கள்.

இனி உங்களுக்கு. கடிதத்தை மூன்று முறை படித்தேன். விட்டுவர நினைக்கும் கல்லூரியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். போக நினைக்கும் கல்லூரியைப் பற்றி ஒரே ஒரு தகவல்தான்: தோழிகள் இருவர் அங்கே இருக்கிறார்கள். உங்கள் பாடம் அங்கே இருக்கிறதா, யார் நடத்துகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பதைக்கூட எழுதவில்லை. அந்த மௌனம்தான் என்னை உறுத்துகிறது.

விடுதி அறையில் மூன்றாவது ஆளாக இருப்பது வலிக்கிறது என்கிறீர்கள். வலிக்கும்தான். ஆனால் பள்ளித் தோழிகளுக்கு நடுவே நீங்கள் இல்லாத ஓராண்டு ஓடிவிட்டது. அவர்களுக்கென்று புது நட்பு வட்டம், புதுப் பேச்சு எல்லாம் வந்திருக்கும். அங்கே போனாலும் சில மாதங்களுக்கு நீங்கள் மூன்றாவது ஆள்தான். அதைத் தாங்கத் தயாரா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வேதனையை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஒரு மாணவர் கல்லூரியில் நிலைப்பதற்கு இரண்டு பிடிப்புகள் தேவை, ஒன்று படிப்போடு, இன்னொன்று அங்குள்ள மனிதர்களோடு என்று வின்சென்ட் டின்டோ என்ற கல்வி ஆய்வாளர் 1975இல் எழுதினார். உங்களுக்கு இரண்டுமே அமையவில்லை. அது உங்கள் பலவீனம் அல்ல. ஆனால் உங்கள் பெயர் தெரியாத அந்தப் பேராசிரியரின் அறைக்கு நீங்கள் ஒருமுறையாவது போய் ஒரு சந்தேகம் கேட்டதுண்டா? அறையை மாற்றித் தரச் சொல்லி விடுதிக் காப்பாளரிடம் பேசினீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

படிப்பே பிடிக்கவில்லையோ என்றும் பாருங்கள். கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும், பட்டப்படிப்புக்கு முந்தைய கட்டமான எஃப்.ஏ. தேர்வில் தோல்விதான். இரண்டு இடத்திலும் அவரை வீழ்த்தியது, எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்ற அதே படிப்பு முறை. உங்கள் சிக்கலும் பாடத்தில் இருந்தால், மாற்ற வேண்டியது பாடத்தை. அதற்குக் கல்லூரியை விடத் தேவையில்லாமலும் போகலாம்.

யாராவது உங்களைத் துன்புறுத்தினாலோ அவமானப்படுத்தினாலோ இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். வீட்டில் சொல்லுங்கள், புகார் கொடுங்கள், வெளியே வாருங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். அழுகை அந்தப் படங்களைப் பார்க்கும்போது மட்டுமா, காரணமில்லாமலும் வருகிறதா? தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் கல்லூரி விஷயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் மாறத்தான் வேண்டும் என்றால் தயங்காமல் மாறுங்கள். அந்தக் கல்லூரிக்கு ஒரு சாதாரண வேலைநாளில், தோழிகள் துணையில்லாமல் போய் வாருங்கள். முடிந்தால் அனுமதி கேட்டு ஒரு வகுப்பில் உட்காருங்கள். நேராக இரண்டாமாண்டில் சேர்ப்பார்களா, முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்களா, நீங்கள் தேறிய எந்தெந்தத் தாள்களை ஏற்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. ஐரோப்பாவின் பொது முறையில் ஒரு முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் காட்டும் புள்ளிகள். அங்கேகூட இடம் மாறும்போது எத்தனை கிரெடிட்டை ஏற்பது என்று சேரப்போகும் கல்லூரிதான் முடிவு செய்கிறது. மதிப்பெண் பட்டியலோடு, படித்த பாடத்திட்டத்தின் பிரதியும் கையில் இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் கேட்பார்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வரும்வரை டி.சி. வாங்காதீர்கள்.

போன இடத்தில் முதல் பருவத்தில் மதிப்பெண் குறையலாம். இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிய அமெரிக்க மாணவர்களிடம் இந்தச் சரிவை ஹில்ஸ் என்ற ஆய்வாளர் 1965இலேயே கவனித்து, 'மாறுதல் அதிர்ச்சி' என்று பெயர் வைத்தார். பலர் அதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால், "இங்கேயும் தப்பாக வந்துவிட்டேனோ" என்று அந்தச் சமயத்தில் கலங்க மாட்டீர்கள்.

இன்னொரு கடிதம் எழுதுங்கள். என்ன படிக்கிறீர்கள், இந்த ஓராண்டில் எந்தப் பாடத்தில் மணி போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று அதில் இருக்கட்டும்.