பழைய காரின் உட்புறம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: என்னிடம் 1963-ஆம் ஆண்டு ஜாகுவார் மார்க் 2 கார் உள்ளது. டேஷ்போர்டின் வால்நட் மரத்தின் மேலுள்ள வார்னிஷ் வெடித்துவிட்டது. சில இடங்களில் பால் தெளித்தாற்போல் வெண்மை படர்ந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் புது வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: உப்புத்தாளைத் தயவுசெய்து கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்ப்பது முழு வால்நட் பலகை அன்று. வேறொரு பலகையின் மேல் ஒட்டப்பட்ட வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு. அதன் தடிமன் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. மீட்டர்கள் பொருந்தும் வட்டத் துளைகளின் விளிம்பில் உப்புத்தாளை நாலு இழுப்பு இழுத்தாலே அடிப்பலகை வெளிறித் தெரியத் தொடங்கிவிடும். அதன்பின் எந்தச் சாயம் பூசினாலும் அந்த இடம் தனியாகவே தெரியும்.

நீங்கள் சொல்லும் வெண்மை பெரும்பாலும் மரத்தின் குறை அன்று. வெயிலில் வறண்ட வார்னிஷ் மரத்திலிருந்து பிரிந்து, இடையில் காற்றும் ஈரமும் புகுந்ததால் வருவது அது. ஆகவே வார்னிஷை மட்டும் எடுத்தால் போதும். முதலில் பாட்டரியின் எர்த் இணைப்பை, அதாவது காரின் உடலோடு சேரும் கம்பியை, கழற்றுங்கள். உங்கள் காரில் நேர்முனைதான் எர்த் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் கழற்றுமுன் படம் எடுத்து, அதன் பின்புறம் எண் எழுதிவிட்டு, கூழ் போன்ற பெயின்ட் ரிமூவரை முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் தடவிப் பாருங்கள். வார்னிஷ் நெகிழ்ந்து சுருங்கியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் மர இழைகளின் போக்கிலேயே தள்ளினால் தோல் உரிவதைப் போல் வந்துவிடும். அடியில் ஈரம் பட்டதுபோல் ஆழ்ந்து தெரியும் அந்தப் பழுப்பு நிறத்தைப் பார்த்த பிறகு, வெனீரை மாற்ற யாருக்கும் மனம் வராது.

மாற்றக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இத்தகைய கார்களில் ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தகடுகளைப் புத்தகத்தை விரித்தாற்போல் இடமும் வலமும் பொருத்தியிருப்பார்கள். ஒரு துண்டை மட்டும் புதிதாக்கினால் அந்தப் பொருத்தம் குலைந்துவிடும். ஓரம் எழும்பியிருந்தால் ஊசிக்குழலால் மரப்பசையைச் செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து, ஓர் இரவு முழுக்க அழுத்திவையுங்கள். புறஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான வார்னிஷை மெல்லிய பூச்சுகளாகவே அடியுங்கள். தடிப்பாக ஊற்றினால் அதுவும் ஒருநாள் வெடிக்கும். உப்புத்தாளுக்கு இப்போதுதான் வேலை: பூச்சுகளுக்கு இடையே 400 எண் தாளால் லேசாகத் தேய்த்து, இறுதியில் 2000 எண் தாளை நீரில் நனைத்துத் தேய்த்து மெருகேற்றலாம். இதற்கு முன் யாரேனும் சிலிக்கோன் கலந்த பாலிஷைத் தேய்த்திருந்தால், அதை நன்றாகத் துடைத்தெடுக்காமல் பூசும் வார்னிஷில் குழிகள் விழும்.

கேள்வி: கதவின் உட்பக்க டோர் பேடு அடியில் ஊதிப் பிதுங்கியிருக்கிறது. புதிய ரெக்சின் ஒட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. ரெக்சின் நன்றாகவே இருக்கலாம். கெட்டது அதன் பின்னுள்ள ஹார்டுபோர்டு, அதாவது மரநாரை அழுத்திச் செய்த அட்டை. கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பேடைக் கழற்றி, கீழ் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஊறிய ரொட்டியைப் போல உதிர்ந்தால் ஈரம் உள்ளே நுழைகிறது என்று பொருள். கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பே. அது வெளியேறத்தான் கதவின் அடியில் துளைகள் இருக்கின்றன. அவை சேறால் அடைந்திருக்கும், அல்லது பேடுக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாளைப் பழைய வேலையின்போது யாரோ கிழித்து எறிந்திருப்பார்கள். எத்தனையோ கார்களில் இதையே காண்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வருந்துகிறது.

துளைகளைக் குத்தித் திறந்து, பிளாஸ்டிக் தாளை ஓரமெல்லாம் நன்றாக ஒட்டிய பிறகே பேடைத் தொடுங்கள். பழைய பேடையே அச்சாக வைத்துப் புது ஹார்டுபோர்டை வெட்டி, துளைகளின் ஓரம் உட்பட எல்லா விளிம்புகளுக்கும் வார்னிஷ் கொடுங்கள். பழைய ரெக்சினைச் சூடான காற்றால் இளக்கி மெதுவாக உரித்தெடுத்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: தோல் இருக்கைகளில் வெடிப்பு. எண்ணெய் தேய்த்தால் மிருதுவாகுமா?

பதில்: அக்காலக் கார்த்தோல்களின் மேல் பெரும்பாலும் நிறப்பூச்சு இருக்கும், எண்ணெய் அதைக் கடந்து உள்ளே போகாமல் அழுக்கையே பிடித்துவைக்கும். மென்சோப்பால் துடைத்து, தையல்களைச் சரிசெய்து, வெடிப்பில் நெகிழும் நிரப்பியைத் தடவி, தோலுக்குரிய சாயத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி ஏற்றுங்கள். ஆனால் ஓரத்தை விரலால் கிள்ளும்போதே தோல் காகிதம்போல் கிழிந்தால் சாயம் பயன் தராது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி மாற்றச் சொல்லுங்கள், முழு இருக்கையையும் அல்ல.