படகே வீடு: ஆற்றுப் பயணக் கேள்விகளும் பதில்களும்

பிரான்ஸின் ஆறுகளிலும் கால்வாய்களிலும் சொந்தப் படகிலேயே தங்கி, கணவனும் மனைவியுமாக நெடுந்தூரம் போவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். எழுதியவர்களில் பலர் நம் மொரீஷியஸ் கடற்கரையில் படகு ஓட்டிப் பழகியவர்கள். கடலில் சரியாக இருக்கும் பழக்கங்கள் சில, நன்னீரில் படகையே கெடுத்துவிடும். அந்த இடங்களில் பதில் கொஞ்சம் நீளும்.

எங்கள் இருவருக்கும் மொரீஷியஸ் பாஸ்போர்ட். மூன்று மாதத்தில் பாரிஸிலிருந்து மத்தியதரைக் கடல் வரை போய்த் திரும்ப முடியுமா?
— வாசகி, ரோஸ் ஹில்

விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான் இருக்கலாம். (ரியூனியனில் கழித்த நாள் இந்தக் கணக்கில் வராது. அது ஷெங்கனுக்கு வெளியே.) அதற்கு மேல் தங்க நீண்டகால விசா எடுத்தே ஆக வேண்டும்.

போய்த் திரும்புவதுதான் சிக்கல். லியோனுக்குக் கீழே ரோன் ஆற்றின் வேகம் உங்களைக் கடலுக்கு அழகாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். திரும்பி வரும்போது அதே வேகம் எதிரே நிற்கும். மணிக்கு 8 கி.மீ. ஓடும் படகு, பனி உருகி ஆறு பெருகும் வசந்தத்தில் நின்ற இடத்திலேயே டீசலைக் குடிக்கும். மிஸ்ட்ரால் காற்று வடக்கிலிருந்து அடித்தால் கரையில் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் யோசனை, பர்கண்டி (பிரெஞ்சில் பூர்கோஞ்) பகுதியைச் சுற்றிவரும் ஒரு வட்டம். சோன் ஆற்றங்கரையில் உள்ள சேன்-ழான்-த-லோன் ஊரில் கிளம்புங்கள். படகு வாங்க, விற்க, பழுது பார்க்க எல்லாம் அங்கே உண்டு. பூர்கோஞ் கால்வாயில் ஏறி மிஜென், யோன் ஆற்றில் ஒசேர், நிவெர்னே கால்வாயில் தெசீஸ், லுவார் பக்கக் கால்வாயில் திகுவான், சாந்த்ர் கால்வாயில் ஷலோன், பிறகு சோன் வழியாகக் கிளம்பிய இடத்துக்கே வரலாம். மொத்தம் சுமார் 700 கி.மீ. இதில் பூர்கோஞ் மட்டும் 242 கி.மீ., அதற்குள் 189 எக்லூஸ் (தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை மேலே ஏற்றி, கீழே இறக்கும் கதவுள்ள தொட்டி).

தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். சிறு கால்வாய்களில் வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 6 கி.மீ. ஒவ்வொரு எக்லூஸுக்கும் கால் மணி நேரம் சேர்த்தால், பூர்கோஞ் ஒன்றுக்கே 87 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 18 நாள். வட்டம் முழுவதற்கும் ஓய்வு நாளையும் சேர்த்து 65, 70 நாள் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பது பழுதுக்கும் மழைக்கும் போகும். மே 1 போன்ற விடுமுறை நாள்களில் எக்லூஸ் இயங்காது. மழை குறைந்த கோடையில், கால்வாய் மேட்டைக் கடக்கும் உச்சிப் பகுதிகளில் தண்ணீர் போதாமல் கால்வாயை மூடுவதும் உண்டு. எனவே மே, ஜூனிலேயே உச்சியைத் தாண்டிவிடுங்கள்.

இங்கே வைத்திருக்கும் ஸ்கிப்பர் லைசென்ஸ் அங்கே செல்லுமா?
— வாசகர், மஹேபூர்

அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வாடகைப் படகுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கம்பெனியே சொல்லிக்கொடுத்துத் தற்காலிக அட்டை தந்துவிடும். சொந்தப் படகு என்றால் பிரெஞ்சு உள்நாட்டு நீர்வழி பெர்மியை (படகோட்டும் உரிமத்தை) எடுத்துவிடுவது நல்லது. தேர்வு பிரெஞ்சில்தான், நமக்கு அது தடையே இல்லை. 20 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அது போதும். வி.என்.எஃப். என்னும் அரசு நீர்வழி நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய சுங்கம் தனி.

தேர்வுக்காக இல்லாவிட்டாலும் ஒரு விதியை மனதில் வையுங்கள். பெரிய சரக்குப் படகு எதிரே வரும்போது, அதன் வலப்பக்கத்தில் நீலப் பலகையும் நடுவில் மின்னும் வெள்ளை விளக்கும் தெரிந்தால், வழக்கம்போல் வலப்பக்கம் ஒதுங்கக் கூடாது. இடப்பக்கம் போக வேண்டும். வழக்கத்துக்கு மாறாக ஆற்றின் மறுபக்கத்தை அது எடுத்துக்கொள்கிறது என்று பொருள்.

12 மீட்டர் இரும்புப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? கிராண்ட் பேயில் உள்ள என் படகில், தகடு அரிக்காமல் இருக்க அதற்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டி போட்டிருக்கிறேன். அதுவே அங்கும் போதுமா?
— வாசகர், கிராண்ட் பே

போதாது. துத்தநாகம் உப்புநீருக்கானது. நன்னீரில் அதன் மேல் வெள்ளைப் படலம் படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடும். கட்டி கரையவே இல்லை என்று நீங்கள் சந்தோஷப்படும் நேரத்தில் படகின் தகடு கரைந்துகொண்டிருக்கும். நன்னீருக்கு மக்னீசியம்தான். பழைய கட்டிகளை முழுக்கக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். கட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே பெயின்ட் இருக்கக் கூடாது.

இன்னொரு திருடன், துறையில் எடுக்கும் கரண்ட். கேபிளில் வரும் எர்த் கம்பி உங்கள் படகையும் பக்கத்துப் படகுகளையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது. தண்ணீருக்குள் எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டரி ஆகி, உங்கள் மக்னீசியம் பக்கத்துப் படகைக் காப்பாற்றக் கரையும். எர்த் கம்பியில் கால்வனிக் ஐசொலேட்டர் ஒன்றைப் பொருத்தினால் இது நிற்கும்.

வாங்குமுன் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அல்ட்ராசவுண்ட் கருவியால் தகட்டின் கனத்தை அளக்கச் செய்யுங்கள். அளக்கிறவர் விற்பவருடைய ஆளாக இருக்கக் கூடாது. 4 மி.மீ.க்குக் குறைந்த இடம் இருந்தால் காப்பீடு கிடைப்பது கடினம். தண்ணீர்க் கோட்டை ஒட்டிய பட்டையும், உள்ளே கழிவறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அடியில் உள்ள தகடும்தான் முதலில் அரிக்கும். வாட் வரி கட்டிய ரசீது இல்லாத படகை விலை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. பிரான்ஸின் சாதாரணக் கால்வாய் எக்லூஸில் 38.5 மீட்டர் நீளமும் 5.05 மீட்டர் அகலமும் வரை உள்ள படகே நுழையும். உங்கள் படகுக்கு அதனால் தொல்லையில்லை. தொல்லை தருவது உயரம். நிவெர்னேயின் நடுப்பகுதியில் பாலங்கள் சுமார் 2.7 மீட்டர்தான். மேல்தளக் கூரையும் கண்ணாடியும் மடங்காத படகு அந்த வட்டத்தை முடிக்காது. தண்ணீர்க் கோட்டிலிருந்து மடக்க முடியாத உச்சி வரை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். விற்பனைத் தாளில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

எக்லூஸை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அவர் சுக்கானில் நிற்பார், கயிறு என் கையில். என்ன தவறு நடக்கும்?
— வாசகி, குவாத்ர் போர்ன்

முதலில் ஒன்று: சுக்கான் பிடிக்க பலம் தேவையில்லை, கயிறு பிடிக்கத்தான் தேவை. இருவரில் தோள்வலி, முழங்கால்வலி யாருக்கு இருக்கிறதோ அவர் சுக்கானுக்குப் போகட்டும். பெரும்பாலான படகுகளில் இது தலைகீழாக நடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இரண்டு வேலையும் இருவருக்கும் தெரிந்திருப்பது அதைவிட நல்லது.

இறங்கும்போது: உள்ளே நுழையும் நேரத்தில் தொட்டி நிறைந்திருக்கும், கட்டுத்தூண் உங்கள் கைக்கு எட்டும். கயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டி, தூணைச் சுற்றி, மறுமுனையைக் கையில் பிடியுங்கள். அந்த மறுமுனையைப் படகில் கட்டவே கூடாது. கட்டினால் தண்ணீர் இறங்க இறங்கப் படகு கயிற்றில் தொங்கும். சாய்ந்த பிறகு முடிச்சை அவிழ்க்க முடியாது. கையெட்டும் இடத்தில் கத்தி இருப்பது அதற்காகத்தான். விடும் முனையில் முடிச்சோ வளையமோ வேண்டாம், தூணில் மாட்டிக்கொள்ளும். 3 மீட்டர் இறங்கும் எக்லூஸுக்கு 15 மீட்டர் நீளம், 14 அல்லது 16 மி.மீ. தடிமன் உள்ள கயிறு கணக்காக இருக்கும்.

இறங்கும்போது இன்னொரு ஆபத்து பின்பக்கம். மேல் கதவுக்குக் கீழே ஒரு கல்திண்ணை தண்ணீருக்குள் மறைந்திருக்கும். அது எங்கே முடிகிறது என்பதற்குச் சுவரில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். பின்பக்கம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் இறங்கும், இரண்டு நிமிடத்தில் படகு மூழ்கும் நிலைக்கு வந்துவிடும். தானியங்கி எக்லூஸில் இரண்டு தண்டுகள் தொங்கும். நீலத் தண்டைத் தூக்கினால் வேலை தொடங்கும். சிவப்பு, அவசரத்துக்கு எல்லாவற்றையும் நிறுத்த. உள்ளே நுழைந்ததும் சிவப்புத் தண்டு எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்ட பிறகே நீலத்தைத் தொடுங்கள்.

ஏறும்போது வேறு விதம். மேலே இருந்து தண்ணீர் சீறி வந்து படகின் முன்பக்கத்தைச் சுவரை விட்டு இழுக்கும். இருவர் மட்டும் உள்ள படகுக்கு ஒரே கயிறு முறை நன்றாக இருக்கும். படகின் நடுப்பகுதியிலிருந்து சற்றுப் பின்னால் உள்ள தூணுக்குக் கயிற்றைப் போட்டு, என்ஜினை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டால் படகு சுவரோடு ஒட்டி நிற்கும். தண்ணீர் ஏற ஏறத் தளரும் கயிற்றை இழுத்துக்கொண்டே இருங்கள். பாசி படிந்த ஏணியில் ஏற வேண்டியிருந்தால் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுங்கள், கையில் சுற்றிக்கொண்டு அல்ல.

எந்த நிலையிலும் படகுக்கும் சுவருக்கும் நடுவே கையோ காலோ போகக் கூடாது. 12 மீட்டர் இரும்புப் படகு பத்து டன்னுக்கு மேல் இருக்கும். காலால் தள்ளி நிறுத்தக்கூடிய பொருள் அல்ல. சுவர்ப் பக்கம் ஃபெண்டர் (இடி தாங்கும் காற்றுப் பை) போடுங்கள். மிதக்காத டயரைத் தொங்கவிடாதீர்கள். அறுந்து விழுந்தால் கதவில் சிக்கும்.

கரண்ட் எவ்வளவு வேண்டும்? சோறு, குழம்பு என்று நம் சமையலே செய்ய முடியுமா?
— வாசகி, போர்ட் லூயி

தாராளமாக. சிறு துறைகளில் பல இடங்களில் 6 ஆம்பியர்தான் கிடைக்கும். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். 700 வாட் ரைஸ் குக்கர் ஓடும். 2,000 வாட் கெட்டிலைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ராத்திரியில் போனால் பொறுப்பாளர் காலையில்தான் வருவார்.

துறைக்கு வெளியே கட்டினால் பாட்டரிதான். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளுக்கு 50 ஆம்பியர்-மணி எடுக்கும். விளக்கு, தண்ணீர் பம்ப், போன் எல்லாம் சேர்த்து 90 ஆகும். ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 400 ஆம்பியர்-மணி இருந்தால் இரண்டு நாள் தாங்கும். தினமும் நாலைந்து மணி நேரம் என்ஜின் ஓடும் நாள்களில் இது கவலையே இல்லை.

அடுப்புக்கு கேஸ். ஏப்ரலிலும் அக்டோபரிலும் குளிர் பூஜ்யத்தை நெருங்கும்போது பியூட்டேன் ஆவியாகாது, அடுப்பு எரியாது. புரொப்பேன் வாங்குங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும். எனவே சிலிண்டர் அறைக்கு அடிமட்டத்திலேயே வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். பிரஷர் குக்கர் கேஸை மட்டுமல்ல, நீராவியையும் குறைக்கும். குளிரில் அந்த நீராவிதான் கண்ணாடியிலும் மெத்தைக்கு அடியிலும் தண்ணீராக இறங்கிப் பூஞ்சை பிடிக்க வைக்கும். அரிசி, பருப்பை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். தண்ணீர் இருவருக்கும் சிக்கனமாக நாளுக்கு 50 லிட்டர். 600 லிட்டர் தொட்டி பன்னிரண்டு நாள் வரும்.

கழிவறை?
— வாசகர், ரோஸ் ஹில்

2008 ஜனவரிக்குப் பிறகு கட்டிய படகில் கழிவறை இருந்தால் கழிவைத் தேக்கும் தொட்டியோ சுத்திகரிக்கும் கருவியோ இருக்க வேண்டும். தொட்டியை உறிஞ்சிக் காலி செய்யும் நிலையங்கள் குறைவு. கழற்றிக் கையில் தூக்கிச் சென்று கொட்டும் கழிவுப் பெட்டியான 20 லிட்டர் கேசட் இருவருக்கு இரண்டு, மூன்று நாள் வரும். இரண்டாவது கேசட் ஒன்று வாங்கி வைத்தால் நிம்மதி.

என்ஜின் சூடேறி நிற்பது அடிக்கடி நடக்கும் என்கிறார்கள். ஏன்?
— வாசகர், மஹேபூர்

கோடையில் கால்வாய் முழுக்க நீர்ச்செடி. வெளித்தண்ணீரை உறிஞ்சும் வடிகட்டி அடைந்துவிடும், பம்புக்குள் சுழன்று தண்ணீரை இழுக்கும் சக்கரமான இம்பெல்லர் வறண்டு ஓடி இறக்கை உடையும். தினமும் காலையில் வெளித்தண்ணீர் உள்ளே வரும் வழியின் அடைப்பானை மூடி, வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, மூடியை இறுக்கி, அடைப்பானை மறக்காமல் திறந்து, என்ஜினைப் போட்டு, புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். உடைந்த இம்பெல்லரை மாற்றும்போது இறக்கைத் துண்டுகளை எண்ணி எடுங்கள். ஒரு துண்டு குழாய்க்குள் தங்கினாலும் மறுபடி சூடேறும். உதிரியாக இம்பெல்லர் இரண்டு, பெல்ட் இரண்டு, டீசல் ஃபில்டர் நான்கு வைத்திருங்கள்.

கடலில் என்ஜின் நின்றால் மிதக்கலாம். ஆற்றில் நின்றால் நீரோட்டம் அணைக்கட்டுப் பக்கம் கொண்டுபோகும். சோன், யோன் போன்ற ஆறுகளில் நங்கூரம் சங்கிலியோடு முன்பக்கத்தில் தயாராக இருக்கட்டும், பெட்டிக்குள் அல்ல.

90 நாள் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது படகை அங்கேயே விட்டுவரலாமா?
— வாசகி, குவாத்ர் போர்ன்

விடலாம். ஆனால் உறைபனி நமக்குப் பழக்கமில்லாத எதிரி. குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து, பம்பையும் வாட்டர் ஹீட்டரையும் பிளந்துவிடும். அது வசந்தத்தில் தண்ணீர் திறக்கும்போதுதான் தெரியும். தொட்டி, குழாய், ஹீட்டர், ஷவர் எல்லாவற்றையும் வடித்து, குழாய்களைத் திறந்தபடியே விடுங்கள். என்ஜினின் வெளித்தண்ணீர்ப் பாதையில் ஆன்டிஃப்ரீஸ் கலந்த நீரை, புகைக்குழாய் வழியே நிறம் தெரியும் வரை ஓடவிடுங்கள். டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலியாக இருந்தால் உள்ளே ஈரம் படிந்து டீசலில் பூஞ்சை வளரும். பாட்டரியை முழுதும் சார்ஜ் ஏற்றி இணைப்பைக் கழற்றுங்கள். அடைப்பான்களை மூடிவிட்டு, மூடியிருக்கின்றன என்று எழுதிய அட்டையை என்ஜின் சாவியில் கட்டுங்கள்.