லோடு ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர்? – வண்டிக்காரர் கேள்வி பதில்

கேள்வி: தக்காளி, கத்தரி போடுகிறோம். தினமும் விடியற்காலையில் மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு 45 பெட்டி போகிறது. வாடகை வண்டி கட்டுப்படி ஆகவில்லை, சொந்தமாக வாங்கப் போகிறேன். அப்பா, டாடா ஏஸ் குட்டி யானைதான் டீசல் கம்மியாகக் குடிக்கும் என்கிறார். மச்சான் இன்ட்ரா வி30 வாங்கச் சொல்கிறான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொலிரோ பிக்கப் 1.7 டன்தான் என்கிறார். எது மைலேஜ் தரும்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, பெட்டி 25 கிலோ என்றால் 45 பெட்டி 1,125 கிலோ. முதலில் இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். மைலேஜ் அப்புறம்.

நான் 27 வருடம் லோடு வண்டி ஓட்டினேன். டீசல் போடும் ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டர், லிட்டர், என்ன லோடு, எந்த ரோடு என்று நோட்டில் எழுதிவிடுவேன். பதினோரு நோட்டு சேர்ந்திருக்கிறது. அதிலிருந்துதான் சொல்கிறேன். போகும்போது லோடு, வரும்போது காலி, இரண்டும் சேர்த்த கணக்கு இது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் குட்டி யானையில் முக்கால் டன் ஏற்றினால் லிட்டருக்கு 18. நாலு சிலிண்டர், 1,496 சிசி இன்ட்ரா வி30-ல் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றினால் 14. 2,523 சிசி பொலிரோ பிக்கப்பில் அதே லோடுக்கு 12. உங்கள் ரோட்டுக்கும் உங்கள் காலுக்கும் ஒன்றிரண்டு கூடும், குறையும்.

லிட்டர் கணக்கில் அப்பா சொன்னது சரி. ஆனால் 1,125 கிலோ குட்டி யானையில் ஒரே நடையில் போகாது. போய்வர 80 கிலோமீட்டர் என்று வையுங்கள். இரண்டு நடைக்கு 160 கிலோமீட்டர், 9 லிட்டர் டீசல். இன்ட்ராவுக்கு ஒரே நடை, 5.7 லிட்டர். பொலிரோவுக்கும் ஒரே நடை, 6.7 லிட்டர். லிட்டருக்கு அதிகம் ஓடுகிற வண்டிதான் உங்கள் தக்காளிக்கு அதிக டீசல் குடிக்கிறது. அதனால்தான் யார் மைலேஜ் கேட்டாலும் நான் முதலில் எத்தனை கிலோ என்று கேட்கிறேன். முக்கால் டன் வண்டியில் மொத்தத்தையும் ஏற்றி இழுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிரேக் நிற்காது. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்சும் கைகொடுக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இன்ட்ரா வி30 ஏற்றக்கூடிய பாரம் 1,300 கிலோ. அக்கம்பக்கத்துத் தோட்டத்துக் காயையும் வாடகைக்கு ஏற்றி 1,600 கிலோ ஆகிவிட்டால் அதற்கும் இரண்டு நடை, 11 லிட்டருக்கு மேல். 1.7 டன் ஏற்றக்கூடிய பொலிரோ ஒரே நடையில் ஏழு லிட்டர் சுமாரில் முடித்துவிடும். ஆக, வருகிற இரண்டு வருடத்தில் எத்தனை பெட்டி போகும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். இன்றைய 45 பெட்டிதான் என்றும் என்றால் என் கை இன்ட்ரா பக்கம்தான் நீளும்.

போகிற வழியும் கணக்கில் வரும். லோடோடு மூன்று டன் நெருங்குகிற வண்டியை 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தி, மறுபடி அதே வேகத்துக்கு எடுக்க 25 மில்லி டீசலாவது போகும். நாற்பது தடவை நின்று எடுத்தால் ஒரு லிட்டர். செக்கானூரணி தாண்டி நாகமலை புதுக்கோட்டை வரை ஒரே சீராக வரலாம். காளவாசல், கோரிப்பாளையம் சிக்னல்களில் எட்டு மணிக்கு மாட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும். நாலரைக்கே ஊரைக் கடந்துவிடுங்கள்.

கேள்வி: டவுனுக்குள் தண்ணீர் கேன் போடுகிறேன். ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர், அரை டன் லோடு. டீசலா, பெட்ரோலா, சிஎன்ஜியா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: உங்களுக்கு டீசல் வேண்டாம். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறி, சேர்ந்த கரியை எரித்துத் தள்ள வண்டி கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட வேண்டும். தெருவுக்குத் தெரு நிற்கிற வண்டிக்கு அந்த ஓட்டம் கிடைக்காது. கரி அடைக்கும், எரிக்க டீசலும் கூடுதலாகப் போகும்.

ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம். அதோடு, பெட்ரோல் எஞ்சின் பாதி மூடிய வாய் வழியாகக் காற்றை இழுக்கிறது. டீசலுக்கு அந்தச் சிரமம் இல்லை. மைலேஜ் வித்தியாசம் அதனால்தான். சிஎன்ஜியை லிட்டரோடு ஒப்பிடாதீர்கள். ஒரு கிலோ கேஸில் கிட்டத்தட்ட 1.4 லிட்டர் பெட்ரோலின் சக்தி இருக்கிறது. கிலோவுக்கு 20 ஓடினால், பெட்ரோலில் 14 ஓடியதற்குச் சமம். கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பாருங்கள். கேஸ் பங்க் உங்கள் வழியிலேயே இருந்தால் மாருதி சூப்பர் கேரி மாதிரி சிஎன்ஜி வண்டி நல்லது. கேஸ் நிரப்ப மட்டும் பத்து கிலோமீட்டர் தனியாகப் போக வேண்டும் என்றால் பெட்ரோலே போதும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் பிக்கப் வாங்கியிருக்கிறான். 20 எம்பிஜி தருகிறது என்கிறான். நல்லதா?
– வாசகர், மேலூர்

பதில்: எம்பிஜி என்றால் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்ற கணக்கு. 0.425-ஆல் பெருக்குங்கள், லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர். அங்கத்திய பெரிய பெட்ரோல் பிக்கப்புக்கு அது நல்ல கணக்குதான். அங்கே ஒரே வண்டிக்கு டர்போ வைத்த வி6 (ஆறு சிலிண்டர்), பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) என்று இரண்டு எஞ்சினுமே கிடைக்கும். காலியாக ஓட்டும்போது வி6 மிச்சம் பிடிக்கும். பின்னால் டிரெய்லர் மாட்டிவிட்டால் டர்போ முழுமூச்சாக வேலை செய்யும், அந்த மிச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

கேள்வி: பூ ஏற்றும் எங்கள் அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டி போன மாதம் வரை லிட்டருக்கு 15 கொடுத்தது, இப்போது 12. டிரைவர் டீசல் எடுக்கிறாரோ என்று வீட்டில் சந்தேகப்படுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, நிலக்கோட்டை

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்விக்குத்தான் என் மனசு அதிகம் நின்றது. எனக்கு 26 வயதில் ஒரு முதலாளி இதே சந்தேகத்தில் என்னை வேலையை விட்டு நிறுத்தினார். மூன்று வாரம் கழித்து அதே வண்டியை இன்னொருவர் பட்டறைக்குக் கொண்டுபோனார். இடது பின்சக்கர பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. டிரம் தொட்டால் சுட்டதாம். முதலாளி வீடு தேடி வந்து கூப்பிட்டார், நான் போகவில்லை.

அதனால் முதலில் வண்டியைப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓடியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் பிரேக். காலையில் டயர் ஆறியிருக்கும்போது காற்றுப் பாருங்கள். ஏர் பில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். போன மாதம் டயர் மாற்றினீர்களா? கொஞ்சம் பெரிய டயர் என்றால் சக்கரம் சுற்றுவது குறையும், மீட்டரும் குறைவாகக் காட்டும், மைலேஜ் விழுந்த மாதிரித் தெரியும்.

பூவுக்கு எடை கிடையாது, உயரம்தான். மூட்டையைக் கேபினுக்கு மேலே அடுக்கி, மார்க்கெட் மணி அடிப்பதற்குள் சேர வேண்டும் என்று 80-ல் போனால், 60-ல் போவதைவிடக் காற்று முக்கால் பங்குக்கு மேல் அதிகமாகத் தடுக்கும். மல்லிகை சீசனில் அவசரம் கூடுகிறது, டீசலும் கூடுகிறது. எடை போட நிற்கும்போது எஞ்சினை அணைக்காமல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகும்.

எல்லாம் பார்த்த பிறகு அளவு எடுங்கள். ஒரே பங்க், ஒரே பம்ப். நாசில் தானாக நிற்கும் வரை டேங்க் நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவையும் அப்படியே. ஒரு தடவைக் கணக்கை நம்பாதீர்கள். மூன்று தடவை லிட்டரையும் கிலோமீட்டரையும் கூட்டி வகுத்தால்தான் உண்மை தெரியும். நோட்டை டிரைவர் கையிலேயே கொடுத்து, அவரையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஒரு நாள் அவரோடு வண்டியில் போய்வரட்டும்.

கேள்வி: சமவெளியில் 14 கொடுக்கும் வண்டி கொடைக்கானல் ஏறும்போது பாதிக்கும் கீழே போகிறது. எஞ்சின் கோளாறா?
– வாசகர், வத்தலக்குண்டு

பதில்: கோளாறு இல்லை. இரண்டரை டன்னை 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறீர்கள். அந்த உயரத்துக்கு மட்டுமே நாலு லிட்டர் டீசல் வேண்டும், ரோட்டில் ஓடுவதற்கு ஆவது தனி. இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனால் நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் இறங்கினால் இப்போதைய எஞ்சின்கள் டீசலை முழுதாக நிறுத்திவிடும்; நியூட்ரலில் ஐடிலுக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும், பிரேக்கும் காய்ந்துவிடும். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.