கத்தியை விற்கப் போய் கணக்கைப் பறிகொடுக்காமல் இருக்க

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி கேம் சாமான் வாங்கி விற்பது பற்றியது. பெரியவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம், ஆனால் ஒரு நல்ல ஸ்கின்னின் (கேமில் ஆயுதத்துக்குப் போடும் அலங்காரம்) விலைக்குப் புது போனே வாங்கிவிடலாம். காசு உள்ள இடத்துக்குக் கள்ளனும் வருவான், அவ்வளவுதான்.

கேள்வி: ஏ.எல். படிக்கிறேன். கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் என்னிடம் ஒரு கத்தி ஸ்கின் இருக்கிறது. டிஸ்கோர்டில் ஒருவர் சந்தை விலையைவிடக் கூடத் தருவதாகச் சொல்லி, விலை பார்க்க ஒரு தளத்தின் லிங்க்கை அனுப்பினார். திறந்தால் ஸ்டீம் (கேம் வாங்கி விளையாடும் தளம்) லொகின் ஜன்னல் வந்தது. முகவரி சரியாக இருந்தது, பூட்டு அடையாளமும் இருந்தது. கூட்டாளி வேண்டாம் என்கிறான். எதை நம்புவது?
(உவர்மலை மாணவன்)

பதில்: கூட்டாளியை நம்புங்கள் தம்பி. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஜன்னலே இல்லை, ஜன்னல் மாதிரி வரைந்த படம். பக்கத்துக்குள்ளேயே ஒரு சின்ன பிரவுசர் திறந்த மாதிரிக் காட்டி, மேலே சரியான ஸ்டீம் முகவரியையும் பூட்டையும் எழுதி வைத்துவிடுவார்கள். ஸ்டீம் பாவிப்பவர்களைக் குறிவைத்து இப்படி நடப்பதை குரூப்-ஐபி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2022இலேயே வெளியில் சொன்னது. முகவரியைப் பார், பூட்டைப் பார் என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொடுத்த பாடம் இந்த இடத்தில் எடுபடாது, ஏனென்றால் முகவரியையே அவன்தான் எழுதியிருக்கிறான்.

கொம்பியூட்டரில் என்றால் அந்தச் சின்ன ஜன்னலைப் பிடித்து பிரவுசரின் ஓரத்தைத் தாண்டி வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையான ஜன்னல் வெளியே வரும், வரைந்தது ஓரத்தில் முட்டி நிற்கும் அல்லது உள்ளே மறைந்துபோகும். போனில் இது சரிவராது. அதற்கும் கொம்பியூட்டருக்கும் பொதுவான ஒரு வழி இருக்கிறது, எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். வேறொரு டாப் திறந்து, ஸ்டீம் முகவரியை நீங்களே தட்டி, அங்கே லொகின் செய்துவிட்டு, அதே பிரவுசரில் அந்தத் தளத்துக்குத் திரும்பி வாருங்கள். உண்மையாகவே ஸ்டீம் வழியாக உள்ளே விடும் தளமாக இருந்தால் உங்கள் பெயரையும் படத்தையும் காட்டி, உள்நுழையவா என்று ஒரு பட்டனோடு நிற்கும். திரும்பவும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கியூஆர் காட்டி ஸ்டீம் ஆப்பால் ஸ்கேன் பண்ணச் சொன்னாலும் இதே கதைதான். நீங்கள் ஸ்கேன் பண்ணி ஓம் என்று அமத்தினால் அவனுடைய மெஷினில் உங்கள் கணக்கு திறக்கும், பாஸ்வேர்ட் கூடத் தேவையில்லை.

இன்னொன்று. கணக்குக்குள் வந்தவன் உடனே கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுவான் என்று நினைக்காதீர்கள். சில பேர் உங்கள் கணக்கில் ஒரு ஏபிஐ கீயைப் பதிந்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அந்தக் கீ இருந்தால் உங்கள் ட்ரேட்களை (சாமான் கைமாற்றங்களை) ஒரு புரோகிராம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பல நாள் கழித்து நீங்கள் உண்மையான கூட்டாளிக்கு ஸ்கின் அனுப்பும்போது, அந்த ட்ரேட்டை ரத்தாக்கிவிட்டு, கூட்டாளியின் பெயரும் படமும் போட்ட வேறொரு கணக்குக்கு அதே சாமானை வைத்து ஒரு ட்ரேட் போடும். போனில் உறுதிப்படுத்தச் சொல்லி வரும்போது நீங்களும் அவசரத்தில் அமத்திவிடுவீர்கள். ஆகவே அந்தத் திரையில் பெயரையும் படத்தையும் பார்க்காதீர்கள், அவை இரண்டையும் யாரும் ஒரு நிமிடத்தில் மாற்றலாம். கணக்கின் லெவலையும் அது எந்த ஆண்டில் திறக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். பள்ளிக்கூடக் கூட்டாளியின் பத்து வருடக் கணக்கு திடீரென்று போன மாதம் பிறந்ததாகக் காட்டினால் விஷயம் விளங்கும்தானே.

விலை அதிகம் தருகிறேன் என்றவன் விலை பார்க்க உங்களை ஏன் அனுப்புகிறான் என்றும் ஒருக்கா யோசியுங்கள். வாங்குகிறவனுக்கு விலை தெரியாதா?

கேள்வி: தம்பி ஏற்கனவே இப்படி ஒரு பக்கத்தில் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டான். சாமான் இன்னும் போகவில்லை. என்ன செய்வது?
(உப்புவெளியிலிருந்து ஒரு அண்ணன்)

பதில்: போகவில்லை என்பது நல்ல செய்தி, ஆனால் மேலே சொன்ன காரணத்தால் அதை நம்பி இருக்காதீர்கள். முதலில் ஸ்டீம் கார்ட் (Steam Guard, ஸ்டீமின் லொகின் பாதுகாப்பு) அமைப்புக்குள் போய் மற்ற எல்லா மெஷின்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள், அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது ஃபைல் இறக்கினானா என்றும் கேளுங்கள். இறக்கியிருந்தால் அந்த மெஷினைத் தொடாமல் வேறொன்றில் இருந்து மாற்றுங்கள். ஈமெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட்தான் என்றால் (பொடியன்கள் அப்படித்தான் வைப்பார்கள்) ஈமெயிலைத்தான் முதலில் மாற்ற வேண்டும், ஏனென்றால் ஈமெயில் அவன் கையில் இருக்கும்வரை நீங்கள் மாற்றுவதையெல்லாம் அவனும் மாற்றுவான். ஸ்டீமின் ஏபிஐ கீ பக்கத்தைத் திறந்து, நீங்கள் போடாத கீ அங்கே இருந்தால் நீக்குங்கள், ட்ரேட் லிங்க்கையும் (மற்றவர்கள் உங்களுக்கு ட்ரேட் அனுப்பும் முகவரி) புதிதாக்குங்கள். காத்திருக்கும் ட்ரேட்களையும் பார்த்து, தெரியாதவற்றை ரத்தாக்குங்கள். கணக்கில் அம்மாவின் வங்கி அட்டை சேமித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இதற்கிடையில் சாமான் போய்விட்டால்? கவுண்டர் ஸ்ட்ரைக் 2 சாமானுக்கு இப்போது ஒரு வழி உண்டு. 2025 ஜூலையிலிருந்து ட்ரேட்டில் கை மாறிய சாமான் ஏழு நாள் பாதுகாப்பில் இருக்கும், அதற்குள் ட்ரேட் வரலாற்றுக்குப் போய்த் திருப்பி எடுக்கலாம். ஒன்றை மட்டும் பொறுக்கித் திருப்ப முடியாது, அந்தக் காலத்துக்குள் நடந்த பாதுகாக்கப்பட்ட ட்ரேட் எல்லாம் திரும்பும், கணக்குக்கு 30 நாள் ட்ரேட் தடையும் விழும். பரவாயில்லை, விழட்டும். ஏழு நாள் கடந்தால் ஸ்டீம் சப்போர்ட் சாமானைத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மோசடியில் போனதை அவர்கள் திருப்பிக் கொடுப்பதில்லை.

கேள்வி: அப்படியென்றால் திருகோணமலையிலேயே ஒருவரிடம் நேரில் காசு கொடுத்து ஸ்கின் வாங்கினால் பயமில்லைதானே? ஆளையும் தெரியும், வீட்டையும் தெரியும்.
(பாலையூற்று வாசகர்)

பதில்: ஆளைத் தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் அந்த ஏழு நாள் உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும். பஸ் நிலையத்தடியில் நின்று காசை எண்ணிக் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், விற்றவர் தன் கணக்கு களவு போனது என்று ட்ரேட்டைத் திருப்பிவிடலாம். காசு அவரிடம், ஸ்கின்னும் அவரிடம். கையில் கொடுத்த காசு ஸ்டீமுக்குத் தெரியாது. பாதுகாப்புக் காலம் முடிந்த பிறகு மிச்சக் காசைத் தருகிறேன் என்று பேசுங்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம். ஸ்டீமுக்குள்ளேயே விற்றால் ஸ்டீம் வொலட்டில் ஏறும் காசை வங்கிக்கு எடுக்க முடியாது என்பதால்தான் எல்லோரும் இப்படி வெளியில் விற்கத் தேடுகிறார்கள், அது விளங்குகிறது, அதற்காக அவசரப்படத் தேவையில்லை.

கேள்வி: மகனுக்கு 12 வயது, ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறான். பாதி விலைக்கு டயமண்ட் (அந்தக் கேமின் காசு) போட்டுத் தருவதாக வட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறாராம், கணக்கின் பாஸ்வேர்ட் வேண்டுமாம். என் பேஸ்புக்கில்தான் அவன் லொகின் பண்ணியிருக்கிறான்.
(கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்)

பதில்: கடைசி வரிதான் முக்கியம் அக்கா. அவர் கேட்பது மகனின் கேம் பாஸ்வேர்டை இல்லை, உங்கள் பேஸ்புக் பாஸ்வேர்டை. அது போனால் உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரரிடம் அவசரமாகக் காசு கேட்டு மெசேஜ் போகும், டயமண்ட் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. டயமண்ட் போட பிளேயர் ஐடி இலக்கம் மட்டும் போதும். பப்ஜியில் யூசி (அந்தக் கேமின் காசு) போடுவதும் அப்படித்தான். பாஸ்வேர்டோ போனுக்கு வரும் ஓடிபியோ கேட்கிறவர் வேறு வேலைக்காகக் கேட்கிறார்.

பாதி விலை எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். களவெடுத்த வங்கி அட்டையால் போட்டால் பாதி விலை என்ன, கால் விலைக்கும் கொடுக்கலாம். அட்டைக்காரர் முறையிட்டால் போட்ட டயமண்டைக் கம்பனி திருப்பி எடுக்கும், கணக்கை முடக்கவும் கூடும், அப்போது அழுவது உங்கள் மகன்தான். இலவச டயமண்ட் தரும் தளம் என்று வருவது எல்லாமே பொய், அதை விளக்க ஒரு வரி போதும். மகனை ஏசாதீர்கள், ஏசினால் அடுத்த முறை கேட்காமல் செய்வான்.

கேள்வி: பேஸ்புக் குழு ஒன்றில் பப்ஜி கணக்கு ஒன்று 25,000 ரூபாவுக்கு வருகிறது. வாங்கலாமா?
(நிலாவெளி வாசகர்)

பதில்: வேண்டாம். கணக்கை விற்பதைக் கம்பனியின் விதி அனுமதிப்பதில்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் கணக்கைத் திறந்தவர் பழைய ஈமெயிலையும் பழைய பற்றுச்சீட்டுகளையும் காட்டி மீட்டுக்கொண்டு போய்விட்டால் நீங்கள் யாரிடம் கேட்பீர்கள்? நடுவில் ஒரு அட்மின் நின்று பார்த்துக்கொள்வார் என்பார்கள். பல இடங்களில் அந்த அட்மினும் விற்கிறவரும் ஒரே ஆள்தான், போன் மட்டும் இரண்டு.

நீங்கள் விற்கிற பக்கம் நின்றால் வேறு ஒரு தொல்லை. வங்கிச் சிலிப்பின் படத்தை அனுப்பி, காசு போட்டாச்சு, சாமானை விடுங்கோ என்று நெருக்குவார்கள். படத்தில் இலக்கத்தை மாற்றுவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து மீதியைப் பாருங்கள், அங்கே காசு ஏறாமல் எதையும் விடாதீர்கள். வங்கிக்கு வங்கி ஒன்லைனில் அனுப்பும் காசு பெரும்பாலும் உடனேயே வந்துவிடும், ஆகவே நாளைக்குத்தான் காட்டும் என்ற கதையைக் கேட்காதீர்கள்.

கேள்வி: ஸ்டீம் அட்மின் என்று ஒருவர் டிஸ்கோர்டில் வந்து, என் கணக்கைத் தவறுதலாக முறையிட்டுவிட்டார்கள், சரிபார்க்க ஸ்கின்களை அனுப்பு என்கிறார்.
(நகரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பிளொக் பண்ணுங்கள். ஸ்டீம் ஊழியர்கள் மெசேஜில் வந்து சாமான் கேட்பதில்லை.

கேள்வி: காசு போய்விட்டது. எங்கே முறையிடுவது? 1977க்கு எடுக்கலாமா?
(மூதூர் வாசகர்)

பதில்: 1977 பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். கடை, வியாபாரி சம்பந்தப்பட்ட முறைப்பாட்டுக்கு அது சரி. உங்களிடம் காசு வாங்கியது பெயர் தெரியாத ஒரு தனி ஆள் என்பதால் அங்கே அதிகம் நடக்காது. முதலில் வங்கிக்கு எடுங்கள், இரவானாலும் எடுங்கள், அட்டை விபரம் கொடுத்திருந்தால் அட்டையை முடக்கச் சொல்லுங்கள். இணையப் பக்க உதவிக்கு இலங்கை கணினி அவசரத் தயார்நிலை அணி (Sri Lanka CERT) இருக்கிறது, இலக்கம் 101. பொலிஸில் முறைப்பாடு போடுவதும் வீண் இல்லை. அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றம். கேம்தானே என்று யாராவது சிரித்தால், போனது எத்தனை ரூபா என்பதையும் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்பதையும் முதல் வரியிலேயே எழுதிக் கொடுங்கள். அவனோடு பேசிய மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அவனுடைய பெயரை மட்டும் எடுத்தால் போதாது, ப்ரொஃபைல் லிங்க்கையும் எடுத்து வையுங்கள், ஏனென்றால் நீங்கள் பொலிஸுக்குப் போவதற்குள் அவன் பெயரை மாற்றியிருப்பான்.